கிளீனர் ஏறாத வண்டி

எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் எழும் அந்தக் காரமான வாசனை மூக்கில் பட்டதும் இன்றைக்கும் நான் வாயை இறுக மூடிக்கொள்கிறேன். கொல்லிமலைக்குப் போகிற நாளில் அம்மா எங்கள் கையில் ஆளுக்கொரு பழம் கொடுத்துவிடுவாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரைக்கும் அதைக் கீறிக் கீறி முகர்ந்துகொண்டே வர வேண்டும், வாயைத் திறந்து பேசக்கூடாது, பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. நாய்க்கும் ஒரு பழம் உண்டு. அப்பா அதைக் கீறி நாயின் மூக்கில் தேய்த்துவிடுவார். அது வரிசையாகத் தும்மிவிட்டு, இதற்கெல்லாம் மசிகிற ஆளா நான் என்கிற தோரணையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் வாந்தி எடுக்காமல் மலையேறிய ஒரே ஆள் அதுதான்.

அதன் பெயர் கிளீனர். அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். அவருடைய கிளீனர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்ற ஒரு வாரத்தில், பாடி கட்டும் பட்டறையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செவலைக் குட்டி எப்படியோ கேபினுக்குள் ஏறி, காலியாகக் கிடந்த கிளீனர் சீட்டில் படுத்துக்கொண்டதாம். இறக்கிவிட்டால் மறுபடியும் ஏறியதாம். “வேலைக்கு ஆள் தானா வந்திருக்குது, வேண்டாம்னு சொல்ல முடியுங்களா” என்று அப்பா அதை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும்போதும் அது கூடவே போகும். நான் சேலத்தைத் தாண்டாத வயதில் எங்கள் நாய் நாக்பூர் பார்த்துவிட்டு வந்திருந்தது. இதை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பொறாமை உள்ளே இருந்தாலும்.

வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கிளீனர்கள் பாடியை இரண்டு தட்டு தட்டி “போலாம் ரைட்” என்று குரல் கொடுப்பார்கள் அல்லவா, எங்கள் கிளீனருக்கு அதை அப்பாவே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தட்டு, ஒரு “போலாம் ரைட்.” அது எங்கே இருந்தாலும், தின்றுகொண்டிருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும், பாய்ந்து வந்து ஏறிவிடும். எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்று அது ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தச் சொல் கேட்டால் அப்பா போகிறார், அப்பா போனால் தானும் போகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

அப்பாவும் அம்மாவும் மலைக்காரர்கள்தான். அப்பா பைல் நாடு, அம்மா பெரக்கரை நாடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்பா பக்கத்தில் மேலே யாரும் மிஞ்சவில்லை, அதனால் முழுப்பரீட்சை லீவு விட்டதும் நாங்கள் போவது அம்மாவின் அண்ணன், பெரியமாமன் ஊட்டுக்கு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பதால், காரவள்ளி அடிவாரத்தில் காத்திருந்து, சந்தைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மேலே திரும்பும் ஏதாவது ஒரு பிக்கப்பைப் பிடிப்போம். அண்ணாசியும் பலாவும் ஊறிப்போன அந்த வண்டியில் டிரைவர் பக்கத்து ஜன்னலோர இடம் எப்போதும் கிளீனருக்குத்தான். நான் அம்மாவின் மடியோரம் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். “நாய்க்கு மரியாதை, பிள்ளைக்கு இல்லை” என்று நான் முனகினால் அப்பா, “அது டூட்டில இருக்குது கண்ணு” என்பார்.

மேலே போய்விட்டால் டூட்டி கிடையாது. பெரியமாமன் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மிளகுக்கொடிச் சரிவைத் தாண்டிப் போகும்போது கிளீனரும் கிளம்பிவிடும். நாள் முழுக்க எங்கே சுற்றுமோ, வெயில் தாழ்ந்த பிறகு உடம்பெல்லாம் ஒட்டுப்புல்லோடு வந்து நிற்கும். எங்கள் தெருவில் அதற்கு வேலி, கேட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கல் என்று எத்தனையோ தடை. மலையில் ஒன்றும் இல்லை. அதன் கழுத்தில் நாங்கள் கயிறு என்று ஒன்று கட்டியதே இல்லை, கட்டுவதற்கு அவசியம் வந்ததில்லை.

இனிமேல் சொல்லப்போவது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அம்மாவின் ஊரில் வைகாசியில் மாரியாயிக்குத் திருவிழா, எங்கள் பேச்சில் “நோம்பி.” அதற்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு சாயங்காலம் கோயில் முன்னால் பறையடித்துச் “சாட்டுவார்கள்.” ஊர்க்காரர்கள் எல்லாரும் அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும். பறை அடிக்கிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும் சரி, அந்த ஊரில் பிறந்து வெளியே வாழ்க்கைப்பட்ட பெண்ணானாலும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையானாலும், நோம்பி முடிகிற வரை வெளியூரில் ராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். பொழுது இறங்குவதற்குள் எல்லைக்குள் கால் வைத்துவிட வேண்டும். மீறினால் ஊரில் அம்மை போடும் என்பது நம்பிக்கை. சாமி விஷயங்களில் அப்பா வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணுகிறவர், இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

வழக்கமாக நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் சாட்டுவார்கள். அந்த வருஷம் மேலத்தெருவில் குழந்தைகளுக்கு அம்மை கண்டிருந்ததால், தள்ளிப்போட வேண்டாம் என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. உச்சிப்பொழுதில் நான் பலாச்சுளையின் பிசினை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியமாமன் வேர்க்க விறுவிறுக்க வந்து, “மாப்ள, இன்னிக்குப் பொழுதோட சாட்டறாங்களாமுங்க” என்றார். அப்பாவின் முகம் மாறியது. மறுநாள் விடிகாலையில் அவர் லோடு எடுத்தாக வேண்டும். லாரி முதலாளி கோபக்காரர், ஒரு நாள் தவறினால் வண்டிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். எனக்கோ பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அம்மா ஈரத்துணிகளைக் கொடியிலிருந்து உருவி அப்படியே பைக்குள் திணித்தாள்.

கீழே போகிற கடைசி பிக்கப் ரோட்டில் என்ஜினை அணைக்காமல் நின்றது. அதை ஓட்டுகிறவரும் அதே ஊர்க்காரர், எங்களைக் காரவள்ளியில் இறக்கிவிட்டுப் பறைச் சத்தத்துக்குள் அவர் மேலே திரும்ப வேண்டும், அதனால் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார். காலையில் ஆடுகளோடு போன கிளீனரைக் காணோம். அப்பா பாடியைத் தட்டினார். சரிவைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டு “போலாம் ரைட்” என்று கத்தினார். நானும் கத்தினேன், அம்மாவும் கத்தினாள். பள்ளத்தில் எங்கள் சத்தமே சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. “நேரமாவுதுங்க” என்றார் வண்டிக்காரர். அப்பா இன்னொரு முறை தட்டினார். பிறகு, “மச்சான், நாளைக்கு அதைக் கீழ கொண்டாந்து உட்ருங்க” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். “நாய்க்கென்ன சாட்டா நோம்பியா, நாளைக்கே வந்துரும்” என்று அம்மா எனக்குச் சமாதானம் சொன்னாள். எனக்குச் சமாதானமே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. ஜன்னலோர இடம் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தது. நான் கிளீனரைப் போலத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, காற்றில் சடை பறக்க, சந்தோஷமாக மலையிறங்கினேன்.

நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் அது வந்திருக்கிறது. அந்தச் சத்தம் அதன் காதில் விழுந்திருக்க வேண்டும், தூரம்தான் அதிகம். மிளகுச் சரிவில் உருண்டு புரண்டு ரோட்டுக்கு வந்து, வண்டி நின்ற இடத்தை மோந்து பார்த்துவிட்டு, ரோட்டோடு ஓட ஆரம்பித்ததாம். பெரியமாமன் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போய், வளைவுகள் தொடங்கி வெகுதூரம் இறங்கிய இடத்தில்தான் அதைப் பிடித்தார். பறை அடிப்பதற்குள் எல்லைக்குள் கால் வைக்க வேண்டும் என்பதால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மேலே திரும்பினார். அவர்கள் ஊருக்குள் நுழையவும் பறை முழங்கவும் சரியாக இருந்ததாம்.

அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டது. மறுநாள் அவர் நாயை ஓட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்த பூசாரி, “சாட்டறப்ப எல்லைக்குள்ள இருந்த உசுருங்க அது. நாயின்னா அம்மனுக்கு வேறயா? ராத் தங்க வெளிய உடாதீங்க” என்று சொல்லிவிட்டார். அம்மை கண்ட குழந்தைகள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்த நேரம், யார் எதிர்த்துப் பேசுவார்கள்? பெரியமாமன் பேசவில்லை. விட்டால் ரோட்டோடு ஓடிவிடும் என்று கிளீனரை மாட்டுக்கயிற்றால் பலாமரத்தில் கட்டினார். பிறந்ததிலிருந்து கயிறு பார்க்காத கழுத்து அது.

நாங்கள் கீழே மூன்று பேரும் மூன்று விதமாக இருந்தோம். அப்பா லோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார், கிளீனர் சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல். அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்தாள், காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லி, காய் வாங்காமலே. பிறகு அண்ணாசி வண்டிக்காரர் மூலமாகச் சேதி வந்தது: நோம்பி முடிஞ்சாத்தான் நாய் வரும், கட்டிப் போட்டிருக்குது, சோறு சரியா திங்கலை. அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், “நாந்தான் அவசரப்படுத்தினேன்” என்று பாத்திரங்களிடம் சொன்னாள். நான் ஜன்னலோர இடத்தை நினைத்துக்கொண்டேன். கட்டிப் போட்டிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது; இறங்கியது, நன்றாகவே இறங்கியது, அதுவும் இப்போது உறுத்துகிறது.

நோம்பி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வடக்கிலிருந்து வந்து இறங்கிய அப்பா குளிக்கக்கூட இல்லாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கிளீனர் பலாமரத்தடியில் படுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து, வளையம் போட்டது போல் தோல் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அது குரைத்துக் கோபித்துக்கொள்ளும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது, அம்மாவின் பாதத்தை நக்கியது, என் மடியில் தலையை வைத்தது. திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. அப்பா கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. பெரியமாமன் தள்ளி நின்று, “வேற வழி தெரியலீங்க மாப்ள” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா கயிற்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார், அவரைக் குறை சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்திருப்பார்.

ரோட்டில் அதே பிக்கப் நின்றது. அப்பா பாடியை இரண்டு தட்டு தட்டி, “போலாம் ரைட்” என்றார். கிளீனர் வண்டியருகே வந்தது, ஏறும் படியை மோந்தது. பிறகு பின்வாங்கிப் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி சொன்னார். வாலை ஆட்டியது, எழவில்லை. அப்பா தூக்கி சீட்டில் வைத்தார். அதன் உடம்பு முழுக்க நடுங்கி, சீட்டிலேயே மூத்திரம் போய்விட்டது. அப்பா அதை இறக்கிவிட்டார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் தேய்த்துவிடுவாரே, அதே விரலால் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, “நீங்க போங்க. நாங்க நடந்து வாரோம்” என்றார்.

தெருமுனைக் கடைக்குக்கூட நடக்காதவர் எங்கள் அப்பா. “ஏனுங்க, எழுபது வளைவுங்க” என்றாள் அம்மா. அவர் காதில் வாங்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டார், கிளீனர் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு போனது. எங்கள் வண்டி அவர்களைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கியது. கொல்லிமலை ரோட்டில் ஒரு வசதி, அல்லது ஒரு தண்டனை: நீங்கள் கீழே போகப் போக, மேலே விட்டுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு வளைவிலும் தலைக்கு மேலே தெரிந்துகொண்டே இருப்பார்கள். காக்கிச் சட்டையும் செவலை நாயும் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் மரங்களுக்குள் போய்விட்டன. ஜன்னலோர இடம் அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது, நான் அதில் உட்காரவில்லை.

காரவள்ளியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்த பிறகு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் செருப்பு வாரறுந்து கையில் இருந்தது. ஒரு பன்னை வாங்கி, டீயில் நனைத்து, தான் ஒரு வாய் தின்னாமல் முழுவதையும் கிளீனருக்கு ஊட்டினார். அங்கிருந்து நாமக்கல் போக வேறு வழியில்லை. தெரிந்த லாரி ஒன்றை நிறுத்தி, நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கேபினில் ஏறாமல் பின்னால் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அது நடுங்கியது. அது வண்டியில் போன கடைசிப் பயணம் அதுதான்.

அதன் பிறகும் அது எங்களோடு வெகுகாலம் வாழ்ந்தது. ஆனால் லாரி என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்குப் போய்விடும். கறி எடுத்தால் எலும்பு முழுக்க அதற்குத்தான். நாய்க்கு எலும்பு போட்டுப் பாவத்தைக் கழுவப் பார்த்த குடும்பம் எங்களுடையது. கல்யாணம், காது குத்து, லீவு, எதற்கானாலும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வெளியூர் போனது கிடையாது. யாராவது ஒருவர் கிளீனரோடு வீட்டில் இருப்போம், யார் என்று பேசிக்கொள்ள மாட்டோம், அந்தந்த நேரத்தில் ஒருவர் தானாகவே “எனக்குத் தலைவலி” என்று சொல்லிவிடுவோம். அப்பா லாரியை விடுகிற வரை வேறு வேறு கிளீனர்கள் வந்தார்கள், போனார்கள். “போலாம் ரைட்” என்பதை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவே இல்லை. மலையில் அதைச் சொன்னதுதான் கடைசி.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், என்னிடம் பூந்தி என்று ஒரு நாய் இருக்கிறது. எங்கே போனாலும் அதையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். அதற்கு சீட் பெல்ட், தண்ணீர்க் கிண்ணம், வாந்தி மாத்திரை, போர்வை எல்லாம் உண்டு. நாயைச் சேர்க்காத விடுதி என்றால் அந்த ஊருக்கே போவதில்லை. ஆபீசில் என்னைக் கேலி செய்கிறார்கள். நாயின் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் என்று நினைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. கார்க் கதவைத் திறந்தால் போதும், பூந்தி ஏறிக்கொள்கிறது. எங்கே என்று யோசிப்பதில்லை. அது அப்படி யோசிக்காமல் ஏறுவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

போன வைகாசியில் அப்பாவையும் பூந்தியையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். முட்டிவலி என்று அம்மா வரவில்லை. பெரியமாமன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, அவர் மகன் குமரேசன்தான் எங்களை வரவேற்றான். பலாமரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தங்கும் அறைகள் கட்டியிருக்கிறான். சாயங்காலம் அவன் பையை மாட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினான். “நேத்துத்தான் சாட்டுனாங்க மாமா. நோம்பிப் பொங்கலன்னிக்கு வந்துருவேன்” என்றான்.

“சாட்டினதுக்கப்பறம் வெளிய ராத் தங்கறியா?” என்று கேட்டார் அப்பா.

“அதெல்லாம் இப்ப யாருங்க மாமா பாக்கறாங்க. கம்பெனில லீவு குடுக்கோணுமில்லீங்களா? பூசாரி மகனே எங்கூடத்தான் வாரான்.” அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் தப்பில்லை. ஒரு வழக்கம் தேய்வது யாருக்கும் கேட்பதில்லை, அதற்குப் பறையடிப்பதும் இல்லை. எங்களுக்கு மட்டும்தான் அது தலையில் இடித்தது. அப்பா பலாமரம் இருந்த இடத்துக்கு எதிரே போய் நின்றார். “அன்னிக்கு நாங்கொஞ்சம் நின்னிருந்தா என்னாயிருக்கும் கண்ணு? முதலாளி வண்டியப் புடுங்கியிருப்பான். வேற வண்டி கெடச்சிருக்குமில்ல?” என்று கேட்டார். பனி இறங்குகிறது என்று சொல்லி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம் என்றாலும் அவருக்கு வலிக்கும், இல்லை என்றாலும் பொய்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். சோளக்காடு ஊரைத் தாண்டி, வளைவுகள் இறங்கத் தொடங்கும் இடத்தில், “நிறுத்து சாமி” என்றார் அப்பா. கதவைத் திறந்து இறங்கி, பூந்தியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். “நீ மெதுவா வா.” எழுபது வயதைத் தாண்டிய மனிதர், பூந்திக்கு ஏற்றாற்போல் எட்டு வைத்து நடந்தார். அதற்கு ஒன்றும் புரியவில்லை, ஏன் இறக்கினார்கள் என்று காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் வளைவு முடிந்ததும் அப்பா நின்றார், மூச்சு வாங்கியது. பின்கதவைத் திறந்தார், பூந்தி அவருக்கு முன்னால் பாய்ந்து ஏறிக்கொண்டது. அவரும் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். அதற்கு அடுத்து வர வேண்டிய சொல்லுக்காக நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பூந்தியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இன்னொரு ஆரன் கேட்டதும் வண்டியை எடுத்தேன்.